முண்டியம்பாக்கமும் ஒரு கிழிந்த ரப்பரும்

சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினவர்கள் அத்தனை பேரும் முண்டியம்பாக்கத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆனால் "முண்டியம்பாக்கம் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டி தாண்டி, விழுப்புரம் வருவதற்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கிற ஊர் அது. நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஊர் போயே போய்விடும். எக்ஸ்பிரஸ் ரயில்கள் நிற்பதில்லை. பாசஞ்சர் வண்டிதான் நின்று, நாலு பேரை இறக்கி, நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்.

ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு முண்டியம்பாக்கம் என்றால் வேறு அர்த்தம். "எங்கே கிளம்பிட்டே?" "முண்டியம்பாக்கம்." "ஐயோ, யாருக்கு என்ன?" இப்படித்தான் பேச்சு போகும். ஏனென்றால் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் பெரிய ஆஸ்பத்திரியும் இருப்பது இந்த ஊரில்தான். 2010-ஆம் ஆண்டு கல்லூரி வந்தது. அதற்கு முன்னால் பெரிய வைத்தியம் என்றால் பாண்டிச்சேரிக்கு ஓட வேண்டும், இல்லை சென்னைக்கு ஓட வேண்டும். இப்போது செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் விடிகாலையிலேயே தூக்குவாளியும் பையுமாக இங்கே வந்து இறங்குகிறார்கள்.

ஊரின் இன்னொரு அடையாளம் சர்க்கரை ஆலை. அரைவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலை ஓரமாக ஊர்ந்து வரும். பாகு காய்ச்சுகிற வாசனை காற்றிலேயே வரும். என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. முதல் தடவை அவரை இங்கே கூட்டி வந்தபோது அந்த வாசனையை இழுத்து மோந்துவிட்டு, "சர்க்கரை ஆலை இருக்கிற ஊருக்கே சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கோம், பாரு!" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில்

நாங்கள் இருப்பது திண்டிவனத்தில். என் கணவர் சொந்தமாக ஒரு வேன் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார். பன்னிரண்டு வருஷத்து வண்டி. அந்த வேன்தான் எங்கள் வீட்டுக்கு அடுப்பெரிய வைக்கிறது. மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. வண்டி சும்மா நிற்கிற அந்த நாட்களில்தான் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவது எல்லாம்.

போன மே மாதம் அத்தைக்குக் குதிகாலில் ஒரு வெடிப்பு. பித்தவெடிப்புதானே என்று அவர் மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக ஆறவில்லை. "வலியே இல்லையேம்மா, எதுக்கு அலையணும்?" என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி இல்லை என்பதுதானே பயம்! ஆகையால் காலை ஆறரை மணிக்கே கிளம்பிவிட்டோம்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஓரங்கட்டி, இவர் சக்கரத்தை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி நிறுத்தினார். நான் இறங்கி அத்தைக்குக் கை கொடுக்கும்போது, இடது முன் சக்கரத்தின் உள்பக்கத்தில் கறுப்பாக ஏதோ வாரி அடித்த மாதிரி தெரிந்தது. சாலைச் சேறு என்றால் செம்மண் நிறமாக, காய்ந்து போய் இருக்கும். இது மை மாதிரி, பிசுபிசு என்று இருந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். கிரீஸ்.

"என்னங்க, இங்கே வந்து பாருங்க" என்றேன். இவர் குனிந்து பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால், துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர். அதில் ஒரு மடிப்பு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது.

"ஆக்ஸில் பூட் கிழிஞ்சிருக்கு" என்றார். முகம் வாடிப்போச்சு. "சத்தம் ஒண்ணும் வரலையே. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ளே பார்த்துக்கலாம். முதல்ல அம்மாவைப் பாரு."

அவருக்கும் கஷ்டம்தான். கோடை லீவில் பள்ளி வாகனங்களை ஆர்.டி.ஓ. அதிகாரிகள் வரிசையாக நிறுத்திச் சோதனை செய்வார்கள். அதற்கு முன்னால் பெயின்ட், டயர், இன்சூரன்ஸ் என்று பணம் வேண்டும். லீவு மாதத்தில் வரும்படி கிடையாது. எடுத்து வைத்திருந்த பணத்தில் கை வைக்க மனசு வரவில்லை அவருக்கு.

வெடிப்பும் கிழிசலும்

புறநோயாளிகள் சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, எங்கள் முறை வர பத்து மணி ஆகிவிட்டது. இளம் வயசு டாக்டரம்மா. அத்தையின் காலைத் தன் கையிலேயே தூக்கிப் பார்த்தார். ஒரு மெல்லிய நரம்பு மாதிரி எதையோ வைத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா பாட்டி?" என்று கேட்டார். நாலு இடத்தில் அத்தைக்குத் தெரியவே இல்லை.

காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டுவிட்டு, டாக்டரம்மா சொன்னதை நம் சகோதரிகளுக்காக இங்கே எழுதுகிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு நாளாக ஆகக் காலில் உணர்ச்சி குறையும், இரத்த ஓட்டமும் குறையும். ஆகவே முள் குத்தினாலும் தெரியாது, காயம் ஆறவும் நாளாகும். தினமும் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், இல்லை வீட்டில் ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும். காலைக் கழுவி விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெடிப்பு வராமல் குதிகாலுக்கு எண்ணெயோ வாசலினோ தடவலாம். விரல் இடுக்கில் தடவக் கூடாது. வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சுடு தண்ணீரில் காலை வைக்கிறதாக இருந்தால் சூட்டை வேறொருவர் கையால் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

"சின்ன வெடிப்புதானேன்னு விட்டிருந்தா உள்ளே மண்ணும் கிருமியும் போயிருக்கும் பாட்டி. நல்ல வேளை, இப்பவே வந்துட்டீங்க" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் அத்தை இவரைப் பார்த்துக் கேட்டாரே ஒரு கேள்வி! "ஏன்டா, என் காலுல வெடிப்புன்னு இவ்வளவு தூரம் கூட்டியாந்தியே, வண்டிக் காலு கிழிஞ்சிருக்கே, அதுக்கு மட்டும் நாளைக்கா? அதுல ஏறப்போறது ஊரார் பிள்ளைங்கடா."

இவர் பதில் பேசவில்லை. வண்டியை எடுத்து, சாலை ஓரமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், ஒரு புங்க மரத்தடியில் இருந்த மெக்கானிக் ஷெட்டில் விட்டார்.

துருத்திக்குள் என்ன இருக்கிறது?

மெக்கானிக் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

என்ஜின் சக்தி கியர்பாக்ஸ் வழியாக வந்து சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நடுவில் இருக்கிற இரும்புத் தண்டுதான் ஆக்ஸில். முன் சக்கரம் இழுக்கிற வண்டிகளில் ஒரு சிக்கல். அதே சக்கரம் சுற்றவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும், பள்ளம் மேட்டில் ஏறி இறங்கவும் வேண்டும். நேராக நிற்கிற ஒரு தண்டால் இது முடியாது. ஆகவே தண்டின் இரண்டு முனையிலும் நம் முழங்கால் மாதிரி ஒரு மூட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குச் சி.வி. ஜாயின்ட் என்று பெயர். எந்தக் கோணத்தில் மடங்கினாலும் உதறாமல் ஒரே வேகத்தில் சுற்றும் என்பது அதன் பொருள். சக்கரத்துப் பக்கம் இருக்கிற மூட்டில் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள் ஒரு கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டு உள்ளே வெளியே நகர்ந்தும் கொடுக்கும்.

குண்டு வைத்த இந்த மூட்டை ஆல்பிரட் ஸெப்பா என்கிற என்ஜினியர் 1920-களிலேயே கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் 1959-ல் வந்த மினி கார் இந்த வகை மூட்டை வைத்து ஓடியது. அதற்குப் பிறகு சின்ன கார்கள் பலவும் முன் சக்கர இழுவைக்கு மாறின. நம் நாட்டில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் அப்படித்தான். ஆனால் மறு வருஷம் வந்த மாருதி வேன், பின்னாளில் ஆம்னி என்று பெயர் பெற்றதே, அது பின் சக்கரம் தள்ளுகிற வண்டி. அதில் முன் சக்கரத்துக்கு இந்த ஆக்ஸிலும் கிடையாது, இந்தப் பூட்டும் கிடையாது. ஆகவே உங்கள் வீட்டு வண்டி எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூட்டு தேயாமல் இருக்க அதற்குள் கறுப்பு கிரீஸ் அடைத்திருப்பார்கள். அந்த கிரீஸ் வெளியே போகாமலும், மண்ணும் தண்ணீரும் உள்ளே வராமலும் காப்பதுதான் இந்த ரப்பர் துருத்தி. ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இந்த மடிப்புகள் விரிந்து சுருங்குகின்றன. வெயிலும் வயசும் சேர்ந்தால் ரப்பர் காய்ந்து, மடிப்பின் அடியில் முதலில் முடி மாதிரி கீறல் விழும். பிறகு ஒரு நாள் வாய் பிளந்துவிடும். சுற்றுகிற வேகத்தில் கிரீஸ் வெளியே வாரி அடிக்கும். அதுதான் சக்கரத்தின் உள்பக்கம் நான் பார்த்த மை.

"கிரீஸ் போறதை விட அக்கா, மண்ணு உள்ளே போறதுதான் ஆபத்து. கிரீஸும் மண்ணும் சேர்ந்தா அம்மி மாதிரி அரைச்சிடும்" என்றார் தம்பி. எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தைக் கேட்கவே வேண்டாம். 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் மாவட்டமே மிதந்ததே, ஞாபகம் இருக்கிறதா? விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களை நிறுத்தினார்கள். அந்த மாதிரி தண்ணீரில் கிழிந்த பூட்டோடு ஒரு வண்டி போனால் மூட்டு என்னத்துக்கு ஆகும்?

மூன்று வழிகள்

"என்ன செய்யலாம் தம்பி?" என்று இவர் கேட்டார். மூன்று வழி சொன்னார்.

ஒன்று, டேப் சுற்றி, கம்பி போட்டுக் கட்டிவிடுவது. "நாலு நாள் கூடத் தாங்காது அண்ணே. கிரீஸில டேப் ஒட்டாது. நான் செய்ய மாட்டேன்" என்று அவரே தள்ளிவிட்டார்.

இரண்டு, ஒரு பக்கம் வெட்டுள்ள பூட். ஆக்ஸிலைக் கழற்றாமல் மேலேயே சுற்றிப் பசை போட்டு ஒட்டலாம். வேலை சுலபம், கூலியும் குறைவு. ஆனால் ஒட்டுகிற இடத்தில் ஒரு துளி கிரீஸ் பட்டிருந்தாலும் பிரிந்துவிடும். உள்ளே போன மண்ணைச் சுத்தமாகக் கழுவி எடுக்கவும் முடியாது.

மூன்று, ஆக்ஸிலையே வெளியே எடுத்து, மூட்டைப் பிரித்து, கழுவிப் பார்த்துவிட்டு முழு பூட் போடுவது. இரண்டு மூன்று மணி நேர வேலை.

"மூட்டுல சத்தம் வந்திருந்தா பூட் மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்லை அண்ணே. ஜாயின்டையே மாத்தணும், அது ஆயிரக்கணக்குல போகும். இப்ப சத்தம் இல்லை. கழுவிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். எனக்கு 2012 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஜூலையில் சென்னையை அடுத்த ஓர் இடத்தில், பள்ளிக்கூட பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சின்னப் பெண் குழந்தை கீழே விழுந்து இறந்து போனாள். அதைப் படித்துவிட்டு எத்தனை தாய்மார்கள் ராத்திரி தூங்காமல் இருந்திருப்போம்! அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. கிழிந்த பூட்டால் அன்றைக்கே விபத்து வராது, உண்மைதான். ஆனால் கவனிக்காமல் விட்ட மூட்டு ஒரு நாள் விட்டுப்போனால், வண்டி நடு ரோட்டில் இழுவை இல்லாமல் நின்றுவிடும். லாரியும் பஸ்ஸும் பறக்கிற நெடுஞ்சாலையில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

"முழுசா மாத்திடுங்க தம்பி. பெயின்ட் வேலையைச் சுருக்கிக்கலாம்" என்றேன். இவரும் தலையை ஆட்டினார்.

மரத்தடியில் மூன்று மணி நேரம்

ஷெட்டுப் பையன் விழுப்புரத்துக்கு வண்டியில் போய், பூட், கிளாம்ப், அதற்கென்று உள்ள கிரீஸ் எல்லாம் வாங்கி வந்தான். அதற்குள் தம்பி வேலையை ஆரம்பித்துவிட்டார்.

முதலில் சக்கரம் தரையில் இருக்கும்போதே நடுவில் உள்ள பெரிய ஆக்ஸில் நட்டைத் தளர்த்தினார். சக்கரம் தூக்கின பிறகு அந்த முறுக்குக்கு அது அசையாதாம். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் கனமான ஸ்டாண்டு கொடுத்தார். "வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில போகக் கூடாது ஆயா" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை ஏதோ தானே உள்ளே போகப்போகிற மாதிரி தலையை ஆட்டினார்!

சக்கரத்தைக் கழற்றி, கீழ்ப் பக்கத்து பால் ஜாயின்டைப் பிரித்து, ஆக்ஸிலின் வெளி முனையைச் சக்கர நடுவிலிருந்து உருவினார். உள் முனையைக் கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் முன் கியர் ஆயிலை ஒரு தட்டில் வடித்துக்கொண்டார். ஆக்ஸில் வெளியே வந்ததும் அதைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, பழைய கிளாம்பை வெட்டி, கிழிந்த ரப்பரை எடுத்துப்போட்டார். மூட்டை மர சுத்தியலால் தட்டிக் கழற்றி, மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

அந்த நேரம்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. குண்டுகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குழி விழுந்திருந்தால் போச்சு. ஐந்து, ஆறு. "பிழைச்சுது அண்ணே. பளபளன்னு இருக்கு" என்று எங்களிடம் காட்டினார். கண்ணாடிக் கோலி மாதிரி மின்னியது.

பிறகு ஒரு துளி மண்ணெண்ணெய் மிச்சம் இல்லாமல் துடைத்துக் காயவைத்தார். புது பூட்டைத் தண்டில் முதலில் மாட்டி, அதற்கென்று வந்த கறுப்பு கிரீஸைக் குண்டுகளுக்குள் விரலால் அழுத்தி அடைத்தார். கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு கிரீஸைப் போடக் கூடாதாம். மூட்டைத் தண்டில் தட்டி உட்கார வைத்து, பழைய வளையத்துக்குப் பதில் புது வளையம் போட்டார். கிளாம்பை இறுக்கும் முன் ரப்பரின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி உள்ளே அடைத்த காற்றை வெளியே விட்டார். காற்று நின்றால் துருத்தி உப்பிக்கொண்டு சீக்கிரம் கிழியுமாம். தோசை மாவு வாளி மூடியை அழுத்தி மூடுகிற மாதிரிதான்!

வலது பக்கத்து பூட்டையும் பார்த்தார். கிழியவில்லை. ஆனால் மடிப்பை விரித்தால் அடியில் முடி முடியாகக் கீறல். "அடுத்த மழைக்குத் தாங்காது" என்றார். அதையும் மாற்றச் சொல்லிவிட்டோம். ஆக்ஸிலைத் திரும்பப் பொருத்தி, புது கியர் ஆயில் ஊற்றி, சக்கரம் தரையில் இறங்கின பிறகு பெரிய நட்டை அளவு காட்டுகிற டார்க் ரெஞ்சு வைத்து இறுக்கி முடித்தார்.

அதற்குள் நாங்கள் மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட்டு முடித்திருந்தோம். சாலை ஓரத்தில் நுங்கு வெட்டி விற்கிறவரிடம் நாலு நுங்கு வாங்கினேன். விழுப்புரம் பக்கம் பனைக்குப் பஞ்சமா? அத்தைக்கு இரண்டு சுளை கொடுத்தேன். பதநீர் கேட்டார். "சர்க்கரை ஏறும் அத்தை" என்று தடுத்துவிட்டேன். தூரத்தில் ஒரு ரயில் ஸ்டேஷனில் நிற்காமல் கூவிக்கொண்டு போனது.

பனையபுரம் வரை ஒரு ஓட்டம்

வேலை முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றார் தம்பி. "பனையபுரம் கோயில் வரைக்கும் போயிட்டு வாங்களேன், நாலு மணிக்கு நடை திறந்துடுவாங்க" என்றார். இப்படியாக எங்களுக்கு ஒரு தரிசனமும் கிடைத்தது.

முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பனையபுரம்தான், திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய புறவார் பனங்காட்டூர். சுவாமி பனங்காட்டீசுவரர், அம்மன் சத்யாம்பிகை. பனைமரம்தான் தலவிருட்சம். புறாவுக்காகத் தன் தசையையே அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தி கதையை இந்தத் தலத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். சித்திரை மாதத்தின் முதல் நாட்களில் காலைச் சூரியன் கதிர் சுவாமி மேலும் அம்மன் மேலும் விழுமாம். நாங்கள் போனது அந்த நாட்கள் கழிந்த பிறகு. நான்கு வழிச் சாலைக்காகக் கோயிலின் ஒரு பகுதி போய்விடுமோ என்ற பேச்சு எழுந்தபோது பக்தர்கள் எதிர்த்து நின்றார்கள். கோயில் இன்றும் அப்படியே நிற்கிறது. பிராகாரத்தில் கூட்டமில்லை. கல் தரை அந்த நேரத்திலும் கொதித்தது. அத்தையை நிழலிலேயே, வெறுங்கால் சூடு படாமல், கைத்தாங்கலாகக் கூட்டிப் போனோம்.

கோயில் வாசலில் இவர் வண்டியை இடமும் வலமும் முழுக்க வளைத்து ஒரு வட்டம் அடித்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தம் இல்லை.

தாய்மார்கள் கேட்க வேண்டியவை

உங்கள் பிள்ளை போகிற வேன் யாருடையதாக இருந்தாலும் சரி, கீழே சொல்வதை ஒரு தடவை பாருங்கள், கேளுங்கள். டிரைவர் அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1. வண்டி நிற்கும்போது முன் சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பாக, பிசுபிசுவென்று வாரி அடித்திருந்தால் சொல்லுங்கள்.

2. சக்கரம் முழுக்கத் திரும்பி நிற்கும்போது துருத்தி ரப்பர் நன்றாகத் தெரியும். கீறல் இருக்கிறதா என்று அப்போது பார்க்கலாம்.

3. தெரு முனையில் வளையும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் வந்தால் வெளி மூட்டு தேய்ந்திருக்கலாம். வேகம் எடுக்கும்போது வண்டி உதறினால் உள் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. டயர் மாற்றும்போதும் ஆயில் மாற்றும்போதும் பூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கூலி ஆகாது.

5. தேங்கிய தண்ணீரில் வண்டி போய் வந்திருந்தால் மறுநாள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சத்தம் வருவதற்கு முன் மாற்றினால் செலவு ரப்பருக்கும் கிரீஸுக்கும் கூலிக்கும்தான். சத்தம் வந்த பிறகு என்றால் மூட்டோ, ஆக்ஸிலோ, சில சமயம் இரண்டுமோ.

ஜூன் மாதம் சோதனையில் எங்கள் வேன் தேறிவிட்டது. பெயின்ட் மட்டும் பழசுதான், அங்கங்கே தொட்டுப் பூசியிருக்கிறது. அத்தையின் குதிகால் வெடிப்பு மூன்று வாரத்தில் மூடிக்கொண்டது. இப்போது எங்கள் வீட்டில் தினமும் இரண்டு பார்வை உண்டு. ராத்திரி நான் அத்தையின் உள்ளங்காலைப் பார்க்கிறேன். காலையில் இவர் வண்டி எடுக்கும் முன் குனிந்து நாலு சக்கரத்தையும் பார்க்கிறார். முதல் பிள்ளை ஏறுவதற்குள் அது முடிந்துவிடுகிறது.